சிக்னல் இல்லாத நாளில் 108

ஐயா,

108 ஆம்புலன்ஸை அழைப்பவரின் இருப்பிடத்தைச் செல்போன் வழியே கண்டறியும் வசதி பற்றிய தங்கள் செய்தியைப் படித்தேன். நல்ல வசதிதான், சிக்னல் இருக்கும்வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையை அடுத்த முடிச்சூரில் எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, செல்போனும் வேலை செய்யவில்லை. டயாலிசிஸ் செய்தாக வேண்டிய பக்கத்து வீட்டுப் பெரியவரைப் படகில்தான் பிரதான சாலைவரை கொண்டுபோனோம்; அப்புறம்தான் வண்டி.

2015 வெள்ளத்திலும் மீனவர்களின் படகுகளே கைகொடுத்தன. இருந்தும் தண்ணீர் ஏறிய பிறகே படகு தேடுகிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, தாழ்வான வார்டுகளில் படகும் வயர்லெஸ் கருவியும் தயாராக இருக்கட்டும். டயாலிசிஸ் நோயாளிகள், நிறைமாதக் கர்ப்பிணிகளின் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காகிதத்திலும் (ஆம், காகிதத்தில்தான்) வைக்கலாம்.

- வாசகர், முடிச்சூர்