கிழக்குக்கு எண்டு கையெழுத்து, கேக்கத்தான் ஆளில்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

இந்தியா இலங்கை உறவப்பத்தி உங்கட பேப்பர்ல வாற கட்டுரையெல்லாம் விடாம வாசிக்கிறன். அம்பாந்தோட்டை வருது, சீனக் கப்பல் வருது, திருகோணமலை எண்ணெய்த் தாங்கி வருது, எங்கட வயல் வட்டை மட்டும் ஒண்டிலயும் வாறல்ல. நான் மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் நாலு ஏக்கர் வெள்ளாமை செய்யிற ஆள், நவகிரிக் குளத்துத் தண்ணிதான். டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையில என்ன நடக்குதெண்டு எங்களுக்கு வெளிநாட்டு அமைச்சு அறிக்கையால தெரியிறல்ல, கமநல சேவை நிலையத்து வாசல்லதான் தெரியவரும்.

2021ல கோட்டாபய ரசாயனப் பசளைய ஒரேயடியா நிப்பாட்டினது ஞாபகம் இரிக்கும். சீனாவில இருந்து கப்பல்ல வந்த சேதனப் பசளையில கிருமி இரிக்கெண்டு இறக்க விடல்ல, இறக்காத பசளைக்குக் கடைசியில காசும் கட்டினது வேற கதை. அந்த ஒக்டோபர்லயே இந்தியாவில இருந்து நனோ நைட்ரஜன் எண்ட திரவப் பசளை பிளேன்ல வந்திச்சி. சைனா சாமான் போச்சி, இந்தியா சாமான் வந்திச்சி எண்டு கொழும்பில அரசியல் பேசிக்கொண்டிருக்க இஞ்ச எங்கட கையில ஒரு போத்தல். டேங்கில கலந்து இலைக்கு அடிக்கச் சொன்னாங்க. பக்கத்து வயல் மாமா அதக் குலுக்கிப் பார்த்திட்டு "இது வெள்ளாமைக்கா கா, இருமலுக்கா" எண்டு கேட்டார். ஏக்கருக்கு முப்பது மூட்டை தாற பூமியில எனக்கு அந்தப் போகம் கிடைச்சது பதினொரு மூட்டை.

அடுத்த வருஷம் நாடு வங்குரோத்து. இந்தியா கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர் அளவில கைகொடுத்த வருஷம் அது, மறக்க ஏலாது. யூரியாவுக்கு மட்டும் 55 மில்லியன் டொலர் கடன் வசதி தந்தாங்க. கறுப்புச் சந்தையில ஒரு அந்தர் யூரியா நாப்பதாயிரம் வித்த நேரம், அந்த யூரியா பத்தாயிரத்துக்குக் கிடைச்சிது. ஜூலையில 44,000 தொன், பிறகு ஓகஸ்ட்ல 21,000 தொன். ஆனா பாருங்க, எங்கட சிறுபோகம் ஜூலைக்குள்ள குடலை தள்ளிட்டு, கதிர் வெளிய வாற பருவம். குடலை தள்ளின பயிருக்கு யூரியா போட்டு என்ன பலன் எண்டு வயல் செய்யிற ஆரிட்டயும் கேட்டுப் பாருங்க. தமிழ்நாட்டு அரசாங்கம் 40,000 தொன் அரிசி தாறதெண்டு சொல்லி அனுப்பினதில எங்களுக்கும் ஜிஎஸ் (கிராம சேவகர்) மூலமா பத்துக் கிலோ கிடைச்சிது. அம்மா அத சுண்டால அளந்து உலையில போடக்குள்ள ஒரு கதையும் கதைக்கல்ல. அவவிட அப்பா கனக்க வயல் வெச்சிரிந்த போடியார், அந்த வீட்டு அடுப்பில தானம் வந்த அரிசி அண்டைக்குத்தான் முதல்முதல் வெந்திச்சி.

அத உதவியெண்டே வெச்சுக்கொள்ளுவம். எனக்கு ஏறாத கதை 2024 டிசம்பர்ல நடந்தது. கடையில அரிசி இல்லயெண்டு அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவத் திறந்திச்சி, கிலோவுக்கு 65 ரூபா வரி, வந்ததில பெரும்பங்கு இந்திய அரிசி, முதல்ல டிசம்பர் 20 வரையெண்டு சொல்லி பிறகு ஜனவரி 10 வரைக்கும் நீட்டினாங்க. நாட்டில பெரும்போகத்த முதல்ல வெட்டுறது நாங்களும் அம்பாறையும்தான். நவம்பர் வெள்ளத்துக்குத் தப்பின வயல ஜனவரியில மெஷின் விட்டு வெட்டக்குள்ள யாவாரி வந்து நிண்டு "கொழும்பில இந்தியா அரிசி குவிஞ்சி கிடக்கு, இந்த ஈரநெல்ல ஆர் எடுப்பான்" எண்டு சொல்லித்தான் விலை பேசினான். குவிஞ்சி கிடந்திச்சோ இல்லயோ, அந்தக் கதைக்கே கிலோவில பதினைஞ்சு இருபது ரூபா விழுந்திட்டு. அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு 120 ரூபா, சம்பாவுக்கு 125 எண்டு அறிவிச்சது பெப்ரவரி 5ஆம் திகதி, அதுக்குள்ள என்ட நெல்லு முழுக்க லொறியில போய்ட்டு. காயவெச்சுப் பிறகு விக்கலாமே எண்டு சிலபேர் சொல்லுவாங்க, எங்க காயவெக்கிற? தை மழையில தார் ரோட்டத் தவிர வேற களம் எங்களுக்கு இல்ல, அதிலயும் பஸ்காரன் ஹோர்ன் அடிச்சிக்கொண்டே வாறான்.

இதில இந்தியாவ நான் குத்தம் சொல்லல்ல, விக்கிறவன் விப்பான், வாங்கிறவன்தான் நாள் பார்த்து வாங்கவேணும். கொழும்பில அந்தக் கணக்குப் பார்க்கிற மேசையில எங்கட அறுவடை நாளச் சொல்ல கிழக்கில இருந்து ஒருத்தன் இரிந்தானா எண்டதுதான் என்ட கேள்வி. இரிக்கவேண்டிய இடம் ஒண்டு இரிந்திச்சி, மாகாண சபை. அதுவும் இந்தியா வந்து தந்ததுதானே, 1987 ஜூலை 29ல ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் கையெழுத்து வெச்சதாலதான் அரசியலமைப்புக்கு 13ஆவது திருத்தம் வந்திச்சி. அதில விவசாயம் மாகாணத்துக்கு உரிய விஷயம். 2006ல கோர்ட் தீர்ப்பால வடக்கும் கிழக்கும் பிரிஞ்சி, கிழக்குச் சபைக்கு 2008லயும் 2012லயும் எலெக்சன் நடந்திச்சி. 2017ல காலம் முடிஞ்சதோட சரி, இதுவரைக்கும் எலெக்சன் இல்ல, ஆளுநர்தான் எல்லாம்.

இப்பிடி சபை பூட்டிக்கிடக்கக்குள்ளதான் 2025 ஏப்ரல்ல மோடி வந்து அநுரவோட நிண்டு கையெழுத்தான ஒப்பந்தங்களுக்குள்ள கிழக்கு மாகாணத்துக்கு பல துறை நன்கொடை உதவி எண்டும் ஒண்டு இரிந்திச்சி. நல்ல விஷயம், சந்தோசம். கிழக்குக்கு எண்டு பேர் போட்டு எழுதியிரிக்கி, கிழக்கில இருந்து ஆர் கேட்டு எழுதினது? என்னத்தக் கட்டப்போறாங்க, எந்த ஊரில? அண்டைக்கே பாதுகாப்பு ஒப்பந்தமும் ஒண்டு கையெழுத்தாச்சி, அந்த ஒப்பந்தங்கள முழுசா வெளியில விடச்சொல்லி எதிர்க்கட்சிக்காரரும் சத்தம் போட்டாங்க. பாதுகாப்பு விஷயத்த ரகசியமா வெச்சிரிக்கட்டும், எனக்கென்ன. இந்தியன் ஆமி இரிந்த காலத்தக் கண்ட எங்கட அப்பா அந்தக் கதையெடுத்தா எழும்பிப் போயிருவார், நானும் அத இதில எழுதல்ல. ஆனா நெல்லுக் காயவெக்கிற களத்தில என்ன ரகசியம் இரிக்கி ஐயா?

இந்தியா செஞ்சது ஒண்டும் நிலைக்கல்லயெண்டும் சொல்ல ஏலாது. வீட்டுத்திட்டத்தில ஐஞ்சரை லட்சம் கட்டம் கட்டமா வாங்கி வீடு கட்டின சனம் எங்கட ஊர்லயும் இரிக்கி. போன வருஷம் அம்மாவுக்கு இரவு ரெண்டு மணிக்கு மூச்சு எடுக்க ஏலாம வந்திட்டு, 1990 எண்ட நம்பருக்கு அடிச்சி அந்த அம்புலன்ஸ்லதான் கொண்டுபோனம், அதுவும் இந்தியா நன்கொடையில தொடங்கினது. இப்பிடி ஊருக்குள்ள வந்து சேருறதாலதான் எங்களுக்கு உறவெண்டா என்னெண்டு தெரியும்.

அதால கேக்கிறன், கிழக்குக்கு எண்டு எழுதின அந்த நன்கொடையில விவசாயத்துக்கு ஒதுக்கினதில எங்கட படுவான்கரைப் பக்கத்துக்கு ரெண்டு நெல் உலர்த்துற மெஷினும் ஒரு களஞ்சியமும் போடட்டும். எந்த ஊருக்கு என்ன வேலையெண்டு லிஸ்ட தமிழில ஒவ்வொரு ஜிஎஸ் ஒபிஸ் கதவிலயும் ஒட்டட்டும். வெளிநாட்டரிசி எடுக்கிறதெண்டா எங்கட வெட்டுத் தொடங்க முதல் எடுத்து முடிக்கட்டும், இல்லாட்டி நாங்க வித்து முடியும்வரைக்கும் பொறுக்கட்டும்.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில அதிகாரிமார் எல்லாரும் வாறநேரம் இதக் கேக்கத்தான் எங்கட வட்டையில முடிவெடுத்திரிக்கம். உங்கட நிருபர் ஒருத்தரையும் அனுப்புங்க, கேட்டதயும் அவங்க சொன்ன பதிலையும் அப்பிடியே போடுங்க. தேத்தண்ணி எங்கட செலவு.

இப்படிக்கு,
நாலு ஏக்கர் வெள்ளாமைக்காரன்,
வெல்லாவெளி.