நாக்கில் ஒரு சிறு கட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அக்காவின் நாக்கு ஓரத்தில் பட்டாணி அளவில், வலியே இல்லாத கெட்டியான கட்டி ஒன்று. மேலாகக் கிள்ளியெடுத்த சதையைப் பார்த்து, புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். வீடே இடிந்துபோனது. ஆழமாக எடுத்துச் சோதித்த பிறகே தெரிந்தது, அது 'கிரானுலர் செல்' கட்டி. நரம்பு உறை செல்களிலிருந்து வருவது, 1926-இல் ரஷ்ய நோயியல் நிபுணர் அப்ரிகோசாஃப் விவரித்தது, பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் பல நேரங்களில் இதன் மேல்தோல் தடித்துக் கீழிறங்குவதால், நுண்ணோக்கியில் புற்றுநோய் போலவே தோன்றிவிடும். எஸ்-100 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் ஏற்றினால் அடியிலுள்ள கட்டிச் செல்கள் தனித்துத் தெரியும். நாக்கை வெட்டச் சம்மதிக்கும் முன், அந்தத் திசுவை வாய் நோயியல் நிபுணரும் பார்த்தாரா என்று தயங்காமல் கேளுங்கள். அக்கா இப்போது நன்றாகப் பேசுகிறார்.

– ஒரு வாசகி