சுமேரிய வகுப்பை நிறுத்தப்போகும் பாடத்திட்டக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த ஆண்டு முதல் முதுகலையில் சுமேரியம் கிடையாது, அக்காடியம் மட்டும் தொடரும் என்று கேள்விப்பட்டேன். இரண்டுமே இன்றைய ஈராக் பகுதியில் வழங்கிய பண்டைய மொழிகள். வகுப்பில் மூன்றே பேர் இருக்கிறோம் என்பதுதான் காரணமாம். கணக்கு சரிதான். அந்த மூவரில் ஒருத்தி நான்.

ஆனால் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை எப்படி வைத்துக்கொள்வீர்கள்? சுமேரியரின் எழுத்தை வாங்கி அக்காடியத்தில் எழுதிய பாபிலோனிய எழுத்தர் 'அரசன்' என்று எழுத வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'லுகல்' என்ற சுமேரியக் குறியைப் போட்டார். படிக்கும்போது 'ஷர்ரும்' என்று அக்காடியத்தில் படித்தார். லு என்றால் ஆள், கல் என்றால் பெரிய. பெரிய ஆள்தான் அரசன்! வானத்துக்கு உள்ள குறியே கடவுளுக்கும்; சில இடங்களில் அது வெறும் 'அன்' என்ற ஓசை. ஏன் இப்படி என்பது சுமேரியம் படித்தால்தான் விளங்கும். படிக்காதவர் பட்டியலை மனப்பாடம் செய்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவதால், தமிழ் பேசும் எனக்குச் சுமேரியப் பெயர்ச்சொற்கள் அவ்வளவு அந்நியமாகத் தெரியவில்லை. (அதற்காகச் சுமேரியமே தமிழ்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வினைச்சொல்லின் முன்னால் வரிசைகட்டும் முன்னொட்டுகளைப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும்.)

போன பருவத்தில் உள்ளங்கை அகல வட்டக் களிமண் பலகை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கமிருந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் ஆப்பு வடிவ எழுத்துக் குறிகள் நிழல் கட்டி எழும். மேலே ஆசிரியரின் இரண்டு வரிகள், நறுக்கென்று. கீழே அதையே பார்த்து எழுதிய மாணவனின் வரிகள், கோணல்மாணலாக. கடைசிக் குறிக்கு இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி வைத்திருக்கிறான். கி.மு. 1750 வாக்கில் நிப்பூர் என்ற பழைய நகரத்துப் பிள்ளைகள் இப்படித்தான் சுமேரியம் படித்தார்கள். அப்போதே அதை வீட்டில் பேச ஆளில்லை.

ஆள் எண்ணிக்கை என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1857இல் ராலின்சன், ஹின்க்ஸ், டால்பட், ஒப்பர் என்ற நான்கு அறிஞர்கள், அக்காடியத்தின் கிளைமொழியான அசீரியத்தில் களிமண்ணில் எழுதப்பட்ட ஒரே வாசகத்தைத் தனித்தனியே மொழிபெயர்த்து உறையிட்டு லண்டனுக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒத்துப்போயின. அக்காடியத்தைப் படித்துவிட்டார்கள் என்று உலகம் நம்பியது அதற்கப்புறம்தான். நான்கு பேர்! இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் பலகையும் துண்டுமாகச் சுமார் 1,30,000 இருக்கின்றன. படிக்க ஆள்தான் குறைவு.

பணத்தட்டுப்பாடு எனக்கும் புரிகிறது. ஆண்டுதோறும் நடத்த முடியாதென்றால் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்துங்கள். இரண்டு அணி மாணவர்கள் சேர்ந்தே படிக்கட்டும். பாடத்திட்டத்திலிருந்து பெயரை மட்டும் அடித்துவிடாதீர்கள். ஆசிரியர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் கேட்க ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு புதன்கிழமை மாலை மூன்று மணிக்கு எங்கள் வகுப்புக்கு வாருங்கள். நாற்காலிக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி