30-ஐ 18 ஆக்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆம்ப்ளிஃபயர் பாடுகிறது. நாலு மாதமாக "முடிஞ்சுதா, முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முதலில் இந்தச் செய்தி. இரண்டு சானல், இரண்டு எல்எம் 3886 சிப் (ஒலியைப் பெருக்குவது இதுதான்), 4 ஓம் ஸ்பீக்கர்கள். வால்யூமைக் குறைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினால்தான் மெல்லிய 'உஸ்' ஒன்று கேட்கிறது. அந்த அமைதியில் என் பங்கு கொஞ்சம்தான்.

முதலில் மாமாவுக்கு. சிப் கைக்கு வந்த அன்றே 30-0-30 ட்ரான்ஸ்பார்மருக்கு, அதாவது நடு வயருக்கு இரண்டு பக்கமும் 30 வோல்ட் ஏசி தருவதற்கு, சொல்லிவிட இருந்தேன். இந்தச் சிப் மொத்தம் 84 வோல்ட் வரை ஓடும் என்று தகவல் தாளில் இருக்கிறது. ஏசியை டிசியாக்கினால் கிடைக்கும் உச்சத்துக்கு 30-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 42, இரண்டு பக்கமும் சேர்த்தால் 84. கணக்கு இவ்வளவு கச்சிதமாக வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கிணத்து விளிம்புல போய் நிக்கறதுக்கு எதுக்குடா இவ்ளோ கணக்கு?" என்றார். ட்ரான்ஸ்பார்மரில் எழுதியிருப்பது முழு லோடில் கிடைக்கும் வோல்டேஜ். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது அது பத்து சதவீதம்கூட ஏறி நிற்கலாம். லைன் வோல்டேஜ் கூடினால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் "ஸ்பீக்கர் எத்தனை ஓம்?" என்று கேட்டார். அதை நான் யோசிக்கவே இல்லை. மொத்த வோல்டேஜின் வர்க்கத்தை, ஓமை இருபதால் பெருக்கி வருவதால் வகுக்கச் சொன்னார். சிப் அதிகபட்சம் எத்தனை வாட்டைச் சூடாகத் தள்ள வேண்டும் என்பது கிட்டத்தட்ட அதில் வந்துவிடும். 84 வோல்ட், 4 ஓம் என்றால் ஒரு சிப்புக்கே 90 வாட் பக்கம். அதே 4 ஓமுக்கு 50 வோல்ட் கொடுத்தால் 30 வாட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். 90 வாட்டை நான் வாங்கி வைத்திருந்த ஹீட் சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) தாங்கவே தாங்காது. சிப்பின் உள்பாதுகாப்பு குறுக்கே வந்து, பாட்டு உச்சத்துக்குப் போகும் இடங்களில் எல்லாம் கரகரத்திருக்கும். சரி என்று 18-0-18க்கு இறங்கினேன், மொத்தம் 50 வோல்ட் பக்கம். சானலுக்குச் சுமார் 40 வாட் கிடைக்கிறது. 60 கிடைத்திருந்தாலும் அது 2 டெசிபல்கூடக் கூடுதல் இல்லை என்பதை இப்போது நானே நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

டொராய்டு, அதாவது வளைய வடிவ ட்ரான்ஸ்பார்மர், சுற்றித் தந்த அண்ணனுக்கும் நன்றி. 200 விஏ, ஒவ்வொரு வயரிலும் சீட்டு ஒட்டி. கொடுக்கும்போது அவர் சொன்ன ஒரே விஷயம், நடு போல்ட்டின் இரண்டு முனையும் இரும்புப் பெட்டியைத் தொடக்கூடாது என்பது. தொட்டால் பெட்டியும் போல்ட்டும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுருளாகி ஷார்ட் ஆகிவிடுமாம். என் பெட்டியின் மூடி அந்த போல்ட்டுக்கு ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் இருந்தது. போல்ட்டை அறுத்துக் குட்டையாக்கினேன்.

இரண்டு லேப்டாப் அடாப்டரைத் தொடராகப் போட்டால் ப்ளஸ், மைனஸ் இரண்டும் கிடைக்குமே என்று யோசனை சொன்ன தம்பிக்கும் நன்றி. செய்யவில்லை, கோபிக்காதே. சில அடாப்டர்களில் மைனஸ் முனை எர்த்தோடு சேர்ந்திருக்கும், தொடராகப் போட்டால் அதில் ஒன்று ஷார்ட் ஆகும். ஆனாலும் அதைச் சரிபார்க்க உட்கார்ந்த மாலையில்தான் எர்த் (வீட்டு வயரிங்கின் தரை இணைப்பு), கிரவுண்ட் (சர்க்யூட்டின் பொதுப் புள்ளி), பூஜ்யம் (வோல்டேஜை அளக்கத் தொடங்கும் புள்ளி) மூன்றும் வேறு வேறு என்பது எனக்கு உறைத்தது.

சீரிஸ் பல்பை, அதாவது ஷார்ட் இருந்தால் காட்டிக்கொடுக்க மெயின் லைனில் தொடராகப் போடும் பல்பை, இரவல் கொடுத்ததற்காக மாமாவுக்கே இன்னொரு நன்றி. முதல் தடவை ஸ்விட்சைப் போட்டதும் 60 வாட் பல்ப் பளீரென்று எரிந்தது, அணையவே இல்லை. நிறுத்திவிட்டுத் தேடினால், ஒரு சிப்பின் முதுகுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் மின்சாரத்தைத் தடுக்கும் மைக்கா தகடு இல்லை. அந்த உலோக முதுகு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது, என் ஹீட் சிங்கோ எர்த்தில். மைக்கா மேசைக்கு அடியில் கிடந்தது. அதை வைத்து மறுபடி போட்டபோது பல்ப் ஒரு கணம் எரிந்து, கெபாசிட்டர் நிரம்ப நிரம்ப மங்கி, இழை மட்டும் லேசாகச் சிவந்து நின்றது. அவ்வளவு அழகான மங்கலை நான் பார்த்ததில்லை.

மாடிவீட்டு அக்காவுக்கு இரண்டு நன்றி. சத்தம் வந்தது, ஆனால் ஒரு சானல் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கம்மலாக இருந்தது. நான் ஸ்பீக்கரைச் சந்தேகித்தேன். அவர்தான் "சிப்போட எட்டாம் காலைப் பாரு" என்றார். சத்தத்தை அடக்கும் அந்த மியூட் காலிலிருந்து அரை மில்லிஆம்பியராவது மைனஸ் பக்கம் ஓடினால்தான் சிப் வாயைத் திறக்கும். நான் போட்டிருந்த 47 கிலோ ஓம் மின்தடை, பக்கத்துக்கு 35 வோல்ட் சப்ளைக்கு வரைந்த படத்தில் இருந்தது. சப்ளையைக் குறைத்தபோது அதையும் குறைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. இரண்டிலும் 22 கிலோ ஓம் போட்டதும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பாடின.

இன்னொன்று அந்த உறுமல். வால்யூமைத் திருகினாலும் கூடாது, குறையாது, ஃபிரிட்ஜ் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். கெபாசிட்டர் போதவில்லை என்று நினைத்து, பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் இருந்ததை இரண்டு மடங்காக்கினேன். உறுமல் இன்னும் கொஞ்சம் கறாரானதுதான் மிச்சம். இரண்டு கெபாசிட்டரையும் இணைக்கும் கம்பியிலேயே இன்புட் கிரவுண்டைப் பற்ற வைத்திருந்தேன். பிரிட்ஜிலிருந்து (ஏசியை டிசியாக்கும் பாகம்) கெபாசிட்டரை நிரப்பப் பாய்கிற கரண்ட் முழுக்க அந்தக் கம்பி வழியாகத்தான் போகிறது. அக்கா அதன் நடுவிலிருந்து இரண்டு அங்குல வயரை இழுத்து, அதன் நுனியில் எல்லாக் கிரவுண்டையும் தனித்தனியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, ஆன் ஆகவில்லையோ என்று மறுபடி ஸ்விட்சைப் பார்த்தேன்.

கூடுதலாக வாங்கிய இரண்டு கெபாசிட்டர் சும்மா கிடக்கின்றன, யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். மாமா, சீரிஸ் பல்பை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். பல்ப் மட்டும் புதுசு, பழையது என் கையிலிருந்து நழுவிவிட்டது.