நேராகச் சொல்லாத காதல் பாடல்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மேற்கத்திய காதல் பாடல்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பாப், ராக் பாட்டில் காதல் என்றால் 'நீ இல்லாமல் நான் இல்லை' என்பதையே சுற்றிச் சுற்றிச் சொல்வார்கள், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது என்கிற மாதிரி கட்டுரையாளர் முடித்திருந்தார். அப்படிப்பட்ட பாடல்கள் ஏராளமாக இருக்கின்றன, சரி. ஆனால் நான் சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிற பாடல்கள் ஒன்றுகூட அந்த வகையில் வராது.

பீச் பாய்ஸ் குழுவின் 'காட் ஒன்லி நோஸ்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்தில் வந்தது, பிரையன் வில்சனும் டோனி ஆஷரும் சேர்ந்து எழுதியது. எப்போதும் உன்னைக் காதலித்துக்கொண்டே இருப்பேன் என்று சொல்ல முடியாது என்றுதான் பாட்டே ஆரம்பிக்கிறது! காதல் பாட்டை இப்படித் தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். பிரையன் தான் பாடாமல் தம்பி கார்லைப் பாட வைத்தார், அந்தக் குரலில் துளி அலட்டல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். கடைசியில் ஒரே வரியை ஒரு குரல் தொடங்க, அது முடிவதற்குள் இன்னொரு குரல் அதையே எடுக்க, பாட்டு முடியாமலே மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அந்த இடத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

இன்னொன்று டென் சிசி குழுவின் 'ஐயம் நாட் இன் லவ்', 1975. என்னைக் காதலிப்பதாக நீங்கள் அடிக்கடி சொல்வதே இல்லையே என்று மனைவி கேட்டதிலிருந்து பிறந்த பாட்டு இது என்று அதைப் பாடிய, குழுவைச் சேர்ந்த எரிக் ஸ்டூவர்ட் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்குக் காதல் எல்லாம் இல்லை, உன் படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்கே இருக்கிற கறையை மறைக்கத்தான் என்கிறான் பாட்டில் வருகிறவன். ஒரு வார்த்தையைக்கூட நாம் நம்பமாட்டோம், அதுதான் பாட்டின் அழகு. பின்னால் மேகம் போல நிற்கிற ஒலியை சின்தசைசர் என்கிற மின்னணு வாத்தியம் என்றே பலர் நினைக்கிறார்கள். அத்தனையும் மனிதக் குரல்! ஒவ்வொரு ஸ்வரத்தையும் திரும்பத் திரும்பப் பாடிப் பதிவு செய்து, அந்த டேப்பைச் சுழலவிட்டு, மிக்சிங் மேசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஏற்றி இறக்கி அதையே ஒரு வாத்தியம் போல வாசித்தார்கள். நடுவில் பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று கிசுகிசுக்கும் பெண் குரல் அந்த ஸ்டூடியோவின் வரவேற்பாளருடையது. இவ்வளவு பாடுபட்டு 'இல்லை' என்று சொன்ன பாட்டை ஒன்றுமில்லாதது என்று எப்படி ஒதுக்க முடியும்?

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' (1977) ஆல்பம் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை, அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. குழுவின் கிட்டார் கலைஞர் லிண்ட்சி பக்கிங்ஹாம் தன் காதலி ஸ்டீவி நிக்ஸைப் பிரிந்த கோபத்தில் எழுதிய பாட்டுக்கு, அதே குழுவில் பாடிய ஸ்டீவியே பின்னணிக் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 'கோ யுவர் ஓன் வே' கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றாலே கட்டுரையாளருக்கு விட்னி ஹூஸ்டன்தான். 1992இல் எந்த வாத்தியமும் இல்லாமல் அவர் தொடங்கும் இடம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதி முதலில் பாடியவர் டோலி பார்ட்டன், வெளிவந்தது 1974இல். காதலனுக்காக எழுதியதும் அல்ல, தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து விலகும்போது அவருக்கு விடை சொல்ல எழுதியது. டோலி அதைச் சத்தமே போடாமல் பாடுகிறார், நடுவில் சில வரிகளைப் பாடாமல் பேசியே விடுகிறார். நன்றியும் வருத்தமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கிற அந்தக் குரல்தான் எனக்கு நெருக்கம்.

கட்டுரையில் ஒரு பாடலுக்குக்கூட எழுதியவர் பெயர் இல்லை, பாடியவர் பெயர் மட்டும்தான். இனிமேல் பாடல்களைப் பற்றி வெளியிடும்போது எழுதியவர், பாடியவர், ஆண்டு மூன்றையும் தயவுசெய்து போடுங்கள். வாசகர்களிடமும் அவரவருக்குப் பிடித்த காதல் பாட்டையும் அதில் பிடித்த இடத்தையும் கேட்டு எழுதி வாங்கினால் இன்னும் நல்லது, நான் முதல் ஆளாக எழுதுவேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி