செல்விக்கு, தில்லியிலிருந்து

மயூர் விஹார், தில்லி

அன்புள்ள செல்வி,

தம்பி குமார் ஒரு எம்.பி.யிடம் உதவியாளனாகச் சேர்ந்த செய்தி கிடைத்தது. மனசு நிறைந்துபோயிற்று. கேள்வி தயாரிக்கும் பொறுப்பை அவனிடம் விட்டிருக்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று திகைக்கிறான் என்றாயே. இதை அப்படியே அவனிடம் கொடுத்துவிடு.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் மட்டுமே பதில். நட்சத்திரக் கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்விகள் உண்டு. ஆனால் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். இருபதில் பாதியை எட்டுவதே அபூர்வம், மீதிக்கு எழுத்துப் பதில்தான். அதனால் எழுத்துக் கேள்வியை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். துறையைக் கட்டிப்போடுவது அச்சில் ஏறிய பதில்தான்.

15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஒரு நாளுக்கு ஒருவர் ஐந்து நோட்டீஸ் தரலாம், எது முந்தும் என்பது குலுக்கலில் தெரியும். கேள்வி 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், குத்தல், ஊகம், கருத்துக் கேட்பது எதுவும் இருந்தால் செயலகம் தள்ளிவிடும். முன்பே பதில் வந்த கேள்வியும் நிற்காது. எழுத உட்காரும் முன் நாடாளுமன்றத்தின் ‘சன்சத்’ இணையதளத்தில் பழைய பதில்களைத் தேடச் சொல்.

கோட்டை விடுவது பெரும்பாலும் சொல் அமைப்பில்தான். தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் மருத்துவமனைகளில் டாக்டர் பற்றாக்குறை என்று வைத்துக்கொள். ‘தமிழ்நாட்டு இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பற்றாக்குறை உள்ளதா?’ என்று கேட்டால், ‘அவற்றில் பல மாநில அரசால் நடத்தப்படுகின்றன, நிரப்பும் பொறுப்பும் அவர்களுடையது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சென்னை கே.கே. நகர் மருத்துவமனை இ.எஸ்.ஐ. கழகமே நேரடியாக நடத்துவது, அயனாவரம் மாநிலத்தினுடையது. ஆகவே ‘கழகம் நேரடியாக நடத்தும் மருத்துவமனைகளில்’ என்று கட்டிவிட்டு, (அ) ஒவ்வொன்றிலும் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடம் எத்தனை, (ஆ) மார்ச் 31 நிலவரப்படி நிரம்பியவை எத்தனை, (இ) ஓராண்டுக்கு மேல் காலியாகக் கிடப்பவை எத்தனை, (ஈ) கடைசியாக ஆளெடுப்பு அறிவிப்பு வந்த தேதி என்ன என்று கேட்கட்டும். எண்ணும் தேதியும் கேட்டுவிட்டால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்று நழுவ இடமில்லை. அப்படியும் ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நான்கையும் ஒரே பத்தியில் சேர்த்து மழுப்பப் பார்ப்பார்கள். எந்தப் பிரிவுக்குப் பதில் இல்லையோ, அதை மட்டும் தனிக் கேள்வியாக்கி அடுத்த கூட்டத்தொடரில் போட வேண்டும்.

ஒரு பதிலை அவன் வரி வரியாகப் படிக்கணும். 2021 ஜூலை 20 அன்று, கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் நோயாளிகள் பெருமளவில் இறந்தார்களா என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டது. சுகாதாரம் மாநிலப் பொறுப்பு, ஆக்சிஜன் இல்லாமல் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்று எழுத்துப் பதில் வந்தது. யாரும் சாகவில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. நாடே கண்ணால் பார்த்த சாவுகள், செல்வி! அந்தப் பதிலைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ‘மாநிலங்களிடம் இந்தக் கணக்கை எழுத்துமூலம் கேட்டீர்களா, எந்தத் தேதியில், எந்தெந்த மாநிலம் பதில் தந்தது’ என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

‘தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அது அரசு உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்டு, இவற்றைக் கண்காணிக்கும் அவையின் உறுதிமொழிக் குழுவின் முன் நிற்க வேண்டும். பதில் வந்த அன்றே தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்துக் குழுவுக்கு எம்.பி. பெயரில் ஒரு கடிதம் போட வேண்டும். இதைச் செய்யும் அலுவலகங்கள் குறைவு. அமைச்சகங்களுக்கும் அது தெரியும்.

பதிலில் உள்ள எண்ணே தவறு என்று ஆதாரம் கிடைத்தால், மக்களவையில் சபாநாயகரின் 115-ஆம் நெறிமுறைப்படி அவருக்கு எழுதலாம். அறைகூவல் எதுவும் வேண்டாம், இரண்டு ஆவணத்தையும் அருகருகே வைத்தால் போதும்.

முதல் வரைவை எனக்கு அனுப்பச் சொல், சிவப்பு மையில் திருத்தித் தருகிறேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
மங்கை