மேஜர் சரவணனுக்கு, மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து

அன்புள்ள மேஜர் சரவணன் அவர்களுக்கு,

போன வாரம் மகளோடு மலைக்கோட்டை ஏறினேன். உச்சிப்பிள்ளையாரைப் பார்ப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டேன். மொத்தமே 83 மீட்டர். கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, கார்கில் போரில் உயிர்விட்ட உங்கள் நினைப்பு வந்தது.

நீங்கள் ஏறிய மலைக்குப் பெயர்கூடக் கிடையாது. கார்கிலின் படாலிக் பகுதியில் பாயின்ட் 4268. வரைபடத்தில் உயரம் எத்தனை மீட்டரோ, அதுவே பெயர். திருச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் 60 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். முதுகில் சுமை, கையில் துப்பாக்கி, மேலே எதிரி.

அந்த உச்சிக் காவல் நிலைகளைக் குளிர்காலத்தில் காலி செய்துவிட்டு இறங்குவது அப்போது வழக்கமாக இருந்தது. 1999-ல் பாகிஸ்தான் ராணுவத்தினர் இரு நாட்டுக்கும் நடுவிலுள்ள கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்து, அங்கே கல் அடுக்கி பங்கர் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். ஏறி வருகிறவனுக்கு ஒளிய ஒரு மரம் கிடையாது. இருட்டு ஒன்றுதான் மறைவு.

கார்கில் என்றால் எல்லோரும் தோலோலிங், டைகர் ஹில் என்கிறார்கள். அந்தச் சிகரங்களை மீட்டது ஜூன் 13, ஜூலை 4. அதற்குள் போஃபர்ஸ் பீரங்கிகள் வந்து குவிந்துவிட்டன. உங்கள் பிகார் ரெஜிமென்ட் முதல் பட்டாலியன் ஏறியது மே 28 இரவு. மேலே எத்தனை பேர், என்ன ஆயுதம் என்று சரியாகத் தெரியாத நாட்கள். உங்களைப் போல முதலில் ஏறியவர்கள் ரத்தம் சிந்திய பிறகுதான் அது தெரியவந்தது. வெற்றிக் கதை சொல்கிறவர்கள் ஜூனிலிருந்து ஆரம்பிக்கும்போது எனக்குத் தாங்கவில்லை. மே மாதத்தையும் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ராக்கெட் லாஞ்சரால் பங்கரை அடித்தீர்கள். காயம்பட்ட பிறகும் திரும்பவில்லை. 29-ம் தேதி காலை விழுந்தீர்கள். வயது 26. உங்கள் உடலைக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் உங்கள் வீட்டில் எப்படிச் சோறு இறங்கியிருக்கும்? அப்புறம்தான் வீர் சக்ரா விருது, நினைவுச் சின்னம் எல்லாம்.

படி இறங்கும்போது இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். “அவர் தனியாவா போனார்?” என்றாள்.

“இல்லம்மா. அவரோட பட்டாலியனே போச்சு. நாயக் பதவியில கணேஷ் பிரசாத் யாதவ்னு ஒருத்தர், அவரும் அன்னிக்கு அதே மலையிலதான் விழுந்தார்” என்றேன்.

அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.